நாள் தள்ளும் மாத்திரை

பங்குனி 2, வெள்ளி

காலை வெறும் வயிற்றில் சர்க்கரை 214. போன வெள்ளி 208. வெயில் ஏற ஏற இதுவும் ஏறும் போலிருக்கிறது.

ஞாயிறன்று அம்மன் கோயிலில் பொங்கல் சாட்டு, திருவிழாவை அறிவித்துக் காப்புக் கட்டும் நாள். அதற்குள் வீட்டைக் கழுவி முடிக்க வேண்டும். கீழ்வீட்டை நான் கழுவினேன். மாடியை மருமகள் ரேணுகா வேலை விட்டு வந்து கழுவினாள். தனியார் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். மகன் சுயம்பு திருப்பூரில் இருக்கிறான். மாதம் இரண்டு முறை சனிக்கிழமை வந்து ஞாயிறு இரவு பஸ் ஏறிவிடுவான். கல்யாணமாகி மூன்று வருடம். இன்னும் வீட்டில் தொட்டில் கட்டவில்லை. இப்படி வந்து வந்து போனால் எப்படி என்று நான் அவனைக் கேட்டதில்லை. அம்மனைத்தான் கேட்டிருக்கிறேன். இந்த வருட அக்கினிச்சட்டி ரேணுகாவுக்காகத்தான்.

நல்லெண்ணெய் ஒரு லிட்டர், மஞ்சள்பொடி கால் கிலோ, நெற்றியில் வைக்கக் குங்குமம். சட்டிக்கும் வேப்பிலைக்கும் சொல்லியாகிவிட்டது. பால் கணக்கு நேர் செய்தேன். முருங்கைக்காய் சாம்பார். இவருக்கு மட்டும் அப்பளம்.

பங்குனி 4, ஞாயிறு

சாட்டு நல்லபடி முடிந்தது. பூசாரி வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டினார். இனிப் பொங்கல் முடியும்வரை கவுச்சி இல்லை, ஒரு பொழுதுதான் சாப்பாடு, தீட்டு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. பங்குனி 19, திங்கட்கிழமை நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்தி, வெறுங்காலோடு நாலு தெருவும் சுற்றிக் கோயிலில் இறக்க வேண்டும்.

வரிசையில் எனக்கு முன்னால் பொன்னுத்தாய் மதினி. பின்னால் நின்ற இளவட்டப் பெண்களைத் திரும்பிப் பார்த்து, "பூரா நாள் தள்ளுற மாத்திரையப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிதுகடீ" என்றாள். "நமக்கென்ன தங்கம், கடையப் பூட்டிச் சாவிய ஆத்தாகிட்டயே குடுத்தாச்சு." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கடை பூட்டி ஐந்து வருடமாகிறது. நானும் சிரித்தேன்.

"இவ காலப் பாருங்கடீ" என்று அடுத்து ஆரம்பித்தாள். "போன வருசம் தார் ரோட்டுல எங்களுக்கெல்லாம் கொப்புளம் கொப்புளமா வந்துச்சு. தங்கபுஷ்பம் மட்டும் பூவுல நடந்த மாதிரி வந்தா." அது உண்மைதான். இரண்டு வருடமாக எனக்குச் சுடுவதே இல்லை. அம்மன் என் பாதத்தைக் கையில் ஏந்திக்கொள்கிறாள்.

வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போது பாவாடையில் பார்த்தேன். குங்குமம் கொட்டியிருக்கும் என்று எழுதலாமா என்று யோசித்தேன். குங்குமம் இல்லை. பச்சைத் தண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே தெரியாமல் கொடியில் போட்டேன்.

பங்குனி 5, திங்கள்

விளக்கை ரேணுகா ஏற்றினாள். எனக்குத் தலைவலி.

பங்குனி 6, செவ்வாய்

தலைவலி இல்லை. இங்கேயும் மறைத்து என்ன ஆகப் போகிறது? இன்றும் பட்டது. நேற்றைவிடக் கூடுதல்.

இந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. மாதவிலக்கானால் மூன்று நாள் பின்னறை. அடுப்படிக்கும் பூஜை அறைக்கும் வரக் கூடாது, யாரையும் தொடக் கூடாது. என் மாமியார் எனக்கு வைத்தார்கள், நான் ரேணுகாவுக்கு வைத்தேன். அவளுக்குத் தட்டைத் தரையில் வைத்துத் தள்ளுவேன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை அவள். இப்போது அதே சட்டப்படி என் தட்டை யார் தள்ளுவது? கையில் காப்போடு பின்னறையில் போய் உட்கார்ந்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். காப்பை அவிழ்த்தால் நேர்ச்சை போச்சு. நேர்ச்சை போனால் ரேணுகாவுக்கு எதைச் சொல்லிப் பிள்ளை கேட்பேன்?

அம்மனுக்குத் தெரியாமல் மறைக்க முடியாது. பொன்னுத்தாய்க்குத் தெரியாமல் மறைக்கலாம்.

சூட்டு உடம்பு. வெந்தயம் ஊற வைத்துச் சாப்பிட்டேன்.

பங்குனி 7, புதன்

வெந்தயத்துக்குக் கேட்கவில்லை. தர்மர் மெடிக்கலில் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போனேன்.

"கோயிலுக்கு நாள் தள்ளுற மாத்திரை ஒண்ணு குடுங்க தம்பி."

"யாருக்கும்மா?"

"மருமகளுக்கு."

"அதான பாத்தேன். காலைல இருந்து இதே யாவாரந்தான். ஆத்தா பொங்கல் சாட்டுனா என் கடைக்கும் சேத்துச் சாட்டுறா." சிரித்துக்கொண்டே இரண்டு அட்டை எடுத்து வைத்தார். "மூணு வேளை, சாப்புட்டுப் போடணும். நிறுத்துன ரெண்டு மூணு நாள்ல வந்துரும், பயப்பட வேண்டாம்னு சொல்லிருங்க."

இதைக் கணக்கில் 'இதர செலவு' என்று எழுதினேன். இந்தக் குடும்பக் கணக்கை நான் கையில் எடுத்த நாளிலிருந்து 'இதர' என்று எழுதியதில்லை. ஊசி வாங்கினால் ஊசி என்றுதான் எழுதுவேன்.

பங்குனி 9, வெள்ளி

நின்றுவிட்டது. தாயே, நீ இருக்கிறாய்.

விளக்கை நானே ஏற்றினேன். செவ்வரளி மாலை சாத்தினேன்.

பங்குனி 10, சனி

சுயம்பு வந்தான். மெலிந்திருக்கிறான். என்னைப் பார்த்து, ஊதிக்கொண்டே போகிறாய் என்கிறான். பட்டினி கிடக்கிறேன், எப்படி ஊதுவேன் என்று கேட்டேன். "கோயில்ல தர்ற பானகம், பொங்கல், வாழைப்பழம் எல்லாம் பட்டினில சேத்தியாம்மா?" என்று ரேணுகாவைப் பார்த்துச் சிரித்தான். பிரசாதத்தைக் கணக்குப் பார்க்கக் கூடாது.

சர்க்கரை 268. ஒரு பொழுது சாப்பாட்டுக்கு இரண்டு வேளை சர்க்கரை மாத்திரை எதற்கு என்று காலை மாத்திரையை விட்டுவிட்டேன். வெறும் வயிற்றில் போட்டால் படபடவென்று வருகிறது.

மத்தியானம் பேப்பரோடு வந்த இணைப்பைப் படித்தேன். நான் ஐந்தாம் வகுப்புதான். மீதிப் படிப்பெல்லாம் பேப்பர் கொடுத்தது. பஞ்சாங்கத்திலிருந்து பங்குச்சந்தை வரை ஒரு எழுத்து விட மாட்டேன். இன்று, 'சர்க்கரை உள்ளவர்கள் கவனத்துக்கு' என்று ஒரு பக்கம் வந்திருந்தது. பாதி படிக்கும்போது பால் பொங்கிவிட்டது. மீதியைப் படிக்கவில்லை.

பங்குனி 12, திங்கள்

மீதியை அன்றைக்கே படித்துவிட்டேன்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சில புற்றுநோய்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாம். கல்லீரல், கணையம், குடல், மார்பு, கர்ப்பப்பை என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. மாதவிலக்கு அடியோடு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டுமாம். ஒரு சொட்டு என்றுதான் அச்சாகியிருக்கிறது. இரண்டு முறை பார்த்தேன்.

ஆனால் இப்போது ஒரு சொட்டும் இல்லையே. தாளை மடித்துப் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்தேன். பொங்கல் முடியட்டும்.

பங்குனி 14, புதன்

இன்று நடந்ததை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

சாயங்காலம் அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். ரேணுகா கைப்பையைக்கூட இறக்காமல் நேராக வந்து நின்றாள்.

"அத்தே, தலைவலி மாத்திரைக்கு தர்மர் கடைக்குப் போனேன். கோயில் மாத்திரை ஒத்துக்கிச்சாம்மா, வாந்தி கீந்தி இருக்கான்னு கேக்குறாரு. என்ன மாத்திரைன்னு நான் முழிக்கேன்."

"அவன் யார நெனச்சு யாருகிட்டக் கேட்டானோ."

"ரெண்டு அட்டை. எம்பேரச் சொல்லி நீங்கதான் வாங்கிட்டுப் போனீங்களாம். போன புதன்கிழமை." கைப்பையை அடுப்பு மேடையில் போட்டாள். "எனக்குத் தெரியாம எனக்கு எதுல கலந்து குடுக்குறீங்க? கொழம்புலயா, காப்பியிலயா?"

"என்ன பேச்சுடீ பேசுற!"

"நான் பேசாம வேற யாரு பேசுவா? மூணு வருசமா நீங்க குடுத்த கசாயம், மந்திரிச்ச தண்ணி, வேரு, பொடி அத்தனையும் ஏன்னு கேக்காமக் குடிச்சேன். ஒரு பக்கம் பிள்ளை வேணும்னு சட்டி எடுக்கீங்க, இன்னொரு பக்கம் நாளத் தள்ளிவைக்க மாத்திரை குடுக்கீங்க. நான் என்ன பொம்மையா? உங்க மகனுக்கு இப்பவே போனப் போடுறேன்."

கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த இவர், "என்னத்தா அங்க சத்தம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

நான் கீரையை உருவினேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். காம்பைச் சட்டியில் போட்டு இலையைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அவள் மெல்ல முறத்தை என் மடியிலிருந்து எடுத்தாள். கீழே உட்கார்ந்தாள்.

"அத்தே." இப்போது வேறு குரல். "உங்களுக்கா?"

முருங்கைக்கீரையில் தூசி அதிகம். கண்ணில் விழுந்துவிட்டது.

"பொங்கல் முடிஞ்சதும் போகலாம்" என்றேன்.

"நாளைக்கு லீவு போடுறேன்" என்றாள். "கெளம்பி இருங்க. வரலைன்னா மாமாகிட்டச் சொல்லுவேன். அதுக்கப்புறம் பொன்னுத்தாய் பெரியம்மாகிட்டயும் சொல்லுவேன்."

கெட்டிக்காரி. எதைச் சொன்னால் நான் கிளம்புவேன் என்று தெரிந்துவைத்திருக்கிறாள்.

பங்குனி 15, வியாழன்

லேடி டாக்டர் பெயர் நிலோபர். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். உட்காரச் சொல்லும் முன்பே என் கால் விரல்களைப் பார்த்தார்.

எப்போதிருந்து என்று கேட்டார். பங்குனி நாலு, சாட்டு அன்றுதான் முதல் தடவை என்றேன்.

"பொய் சொல்லாதீங்கத்தே" என்றாள் ரேணுகா. "கார்த்திகைக்கு வீடு பூரா விளக்க என்னைய ஏத்தச் சொல்லிட்டு மாடில போய்ப் படுத்துக்கிட்டீங்க. தைப்பொங்கலுக்குப் பானையையும் என்னையத்தான் வைக்கச் சொன்னீங்க. அன்னைக்கு எனக்கு ஏன்னு புரியல."

நான் மேசைமேல் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது தப்பு என்று இங்கே எழுதலாம். எழுத வரவில்லை.

மாத்திரை அட்டையைக் காட்டினோம். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இது ரத்தத்த நிறுத்தல, மறைச்சிருக்கு. வீடு தீப்புடிச்சா அபாய மணியக் கழட்டி வைக்கிற மாதிரிம்மா இது."

ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையின் உள்தோல் என் வயதில் நாலு ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாதாம். எனக்குப் பதினேழு. உள்ளிருந்து சதை எடுத்து மதுரைக்குப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமாம்.

"சர்க்கரைக்கும் கர்ப்பப்பைக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டேன். பேப்பரில் படித்ததைச் சொல்லவில்லை.

"சர்க்கரை வந்தவங்க நெறையப் பேருக்கு இன்சுலின் வேலை செய்யாது. அதனால உடம்பு அதையே இன்னும் இன்னும் சுரக்கும். அது உள்தோல வளரு வளருன்னு தூண்டும். எடையும் கூடிட்டா கொழுப்புல இருந்து வர்ற ஹார்மோன் வேற சேர்ந்துக்கும். சர்க்கரை இல்லாதவங்களவிட உங்களுக்கு இந்த இடத்துல ஆபத்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதுக்காக எல்லாருக்கும் வந்துரும்னு இல்ல. வந்துருக்கான்னு பாக்கணும்."

பிறகு ஒரு குச்சியை எடுத்து என் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டார். "தொடுறது தெரியுதா?"

"தொட்டாத்தான தெரியும்."

ரேணுகாவின் முகம் மாறியதைப் பார்த்துத்தான் குனிந்து பார்த்தேன். குச்சி என் பாதத்தில் அழுத்திக்கொண்டிருந்தது.

"எத்தனை வருசமா இப்படி மரத்துப் போயிருக்கு?"

இரண்டு வருடம். பூவில் நடந்த இரண்டு வருடம்.

ரத்தத்தில் சர்க்கரை 312. இதோடு மயக்க மருந்து கொடுக்க முடியாதாம். இன்சுலின் எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமைக்குள் இருநூறுக்குக் கீழே இறங்கினால் அன்று காலை சதை எடுத்துவிடலாம் என்றார்.

திங்கட்கிழமை அக்கினிச்சட்டி. செவ்வாய் வரட்டுமா என்று கேட்டேன்.

"ஒரு நாள்ல ஒண்ணும் ஆயிராது. ஆனா இந்தக் காலோட வெறுங்கால்ல தார் ரோட்டுல நான் உங்கள விடமாட்டேன். வெந்து போனாலும் உங்களுக்குத் தெரியாது."

"தீட்டோட சட்டி எடுக்கலாமா கூடாதான்னு நான் தவிக்கேன். நீங்க காலப் பத்திப் பேசுறீங்க" என்றேன்.

"காயத்துல ரத்தம் வந்தா தீட்டாம்மா? இது அந்த மாதிரிதான்."

அவருக்குச் சொல்ல எளிது.

பங்குனி 17, சனி

மாத்திரையை நிறுத்தியதற்கு இன்று பதில் வந்தது. கட்டிலிலிருந்து எழுந்ததும் தரையில் சொட்டியது. ரேணுகா துணியை எடுத்து வந்து தரையைத் துடைத்தாள். நான் தள்ளிப் போ என்றேன். அவள் கேட்கவில்லை.

இவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. முப்பத்தாறு வருடத்தில் இந்த மாதிரி விஷயம் நாங்கள் பேசியதே இல்லை. ரேணுகாதான் சொன்னாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தம் மிளகாய் மண்டியில் நஷ்டக் கணக்கு கேட்பது போலக் கடைசிவரை கேட்டார். "அப்ப சட்டி?" என்றார்.

"எடுக்க முடியாது மாமா."

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "ஆத்தாகிட்டத் தவணை சொல்லிக்கிடலாம். அவளுக்கு நம்மளத் தெரியாதா? அடுத்த வருசம் வட்டியும் மொதலுமா ரெண்டு சட்டி எடுத்துருவோம். ஒண்ணு நான் எடுக்கேன்." பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். செருப்பை மாட்ட மறந்துவிட்டார்.

சர்க்கரை 231.

பங்குனி 18, ஞாயிறு

காப்பை வீட்டில் அறுத்து எறிய எனக்கு மனம் வரவில்லை. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். கோயிலுக்குள் போகாமல் வேப்ப மரத்தடியில் நின்று பூசாரியை வெளியே கூப்பிட்டு அனுப்பினேன். பொங்கல் வைக்க வந்த பெண்கள் அடுப்புக்குக் கல் கூட்டிக்கொண்டிருந்தார்கள். பொன்னுத்தாய் மதினி பார்த்துவிட்டாள்.

"என்ன தங்கம், வெளிய நிக்குற? பங்காளி வீட்டுல எதுவும் இழவா?"

"இல்ல மதினி."

"பெறகென்ன?"

சொல்ல ஒரு பொய் யோசித்து வைத்திருந்தேன். தூரத்துச் சொந்தத்தில் ஒருவரைச் சாகடித்திருந்தேன். வாயைத் திறந்ததும் அது வரவில்லை.

"ரத்தம் போகுது மதினி. கார்த்திகையில இருந்து."

கல் கூட்டிய கைகள் அப்படியே நின்றன.

"காப்போடயா?" என்றாள். "காப்புக் கட்டிக்கிட்டு, தீட்டோட, இத்தன நாளும் உள்ள வந்து நின்னியா? எங்களோட வரிசையிலயா?"

"ஆமா."

"ஊருக்கே ஆகாதேடீ! படிச்சவ மாதிரி பேப்பர வச்சுக்கிட்டு உக்காந்திருப்பியே, இது தெரியாதா ஒனக்கு?"

ரேணுகா முன்னால் வந்தாள். "பெரியம்மா, அவங்களுக்குக் கட்டியா இருக்குமோன்னு டாக்டர் சந்தேகப்படுறாங்க. நாளைக்குச் சதை எடுக்காங்க. சர்க்கரை இருக்குறவங்களுக்கு இப்படி வரலாமாம். நின்னு போன பெறகு ஒரு சொட்டு வந்தாலும் தீட்டுன்னு பேசாம இருக்காதீங்க, போய்க் காட்டுங்கன்னு சொன்னாங்க. இங்க சர்க்கரை இல்லாத ஆளு யாரு இருக்கீங்க?"

பொன்னுத்தாயும் மற்றவர்களைப் போலவே தரையைப் பார்த்தாள்.

பூசாரி வந்தார். பின்னால் இரண்டு பேர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். என் கையைத் தொடாமல் அரிவாள் நுனியால் காப்பை அறுத்தார். நூல் கீழே விழுந்தது. "போய்ட்டு வாங்க. ஆத்தா பாத்துக்கிடுவா" என்றார். திருநீற்றை இலையில் வைத்து நீட்டினார்.

வழியெல்லாம் மணிக்கட்டு லேசாக இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

பங்குனி 19, திங்கள்

சர்க்கரை 188. சதை எடுத்தார்கள். மயக்கம் தெளியும்போது தெருவில் உறுமி மேளம். சட்டிகள் ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போயின. ஜன்னலைச் சாத்தவா என்று நர்ஸ் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

பங்குனி 23, வெள்ளி

முடிவு வரவில்லை. இட்லி மாவு ஆட்டினேன். கேஸ் வந்தது. சர்க்கரை 176. ரேணுகா சோற்றை அளந்து வைக்கிறாள், ஒரு கரண்டி. கூட அரைக் கரண்டி கேட்டதற்கு, "கணக்குன்னா கணக்குதான் அத்தே" என்றாள். என்னிடம் கற்றது.

பங்குனி 27, செவ்வாய்

முடிவு வந்தது.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. புற்றுநோய்தான் என்றார். ஆரம்பநிலை போலத் தெரிகிறது, கர்ப்பப்பைக்குள்ளேயே இருக்கலாம், எடுத்துப் பார்த்தால்தான் உறுதி என்றார். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

இவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். ரேணுகா தேதி, நேரம், எத்தனை நாள் தங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒரு கேள்விதான் இருந்தது. அம்மன் கொடுத்த தண்டனையா என்று கேட்க வந்தேன். டாக்டரம்மா வேறு மதம். அதனால், "நான் தின்ன இனிப்பாலயா?" என்று மாற்றிக் கேட்டேன்.

"அப்படி விரல் நீட்ட முடியாதும்மா. சர்க்கரை, எடை, வயசு எல்லாம் சேர்ந்து வாய்ப்பக் கூட்டும். சர்க்கரை கட்டுப்பாட்டுல இருந்தும் சிலருக்கு வருது. இல்லாம இருந்தும் சிலருக்கு வராது. உங்க தப்பு ஒண்ணே ஒண்ணுதான், மறைச்சது. அதையும் இப்ப விட்டுட்டீங்க. இன்னொரு பொங்கல் வரைக்கும் மாத்திரையப் போட்டு மறைச்சிருந்தா நாம வேற மாதிரி பேசிட்டிருப்போம்."

பஸ்ஸில் மூன்று பேரும் தனித்தனி சீட். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை.

பங்குனி 30, வெள்ளி

அறுவை வியாழக்கிழமை. அன்று காலை சர்க்கரை நூற்றெண்பதுக்கு மேல் போகக் கூடாது. மீறினால் தேதி தள்ளும். தள்ளும் என்ற சொல்லே எனக்கு இப்போது ஆகாது. கேழ்வரகு, பாசிப்பயறு, கீரை, மோர், இன்சுலின் ஊசி. எல்லாம் நேரப்படி.

வேறு ஒன்று. ரேணுகா இந்த மாதம் பின்னறைக்கு வரவில்லை. வர வேண்டிய நாள் கடந்துவிட்டது. ஒரு வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நேற்று அவள் மாவு டப்பாவைத் தூக்கும்போது பிடுங்கிக்கொண்டேன். "நீங்கதான் தூக்கக் கூடாது" என்று திருப்பிப் பிடுங்கினாள்.

தாயே, காப்பை அறுத்துக்கொண்டு வந்தவளுக்கா கொடுக்கப் போகிறாய்? நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டதாக எடுத்துக்கொள்ளாதே.

சித்திரை 1, ஞாயிறு

வருடப் பிறப்பு. பாயசம் எல்லோருக்கும் ஊற்றினேன். எனக்கு வேப்பம்பூ ரசம். 158.

சித்திரை 6, வெள்ளி. மதுரை

நேற்று காலை 164. தேதி தள்ளவில்லை.

உட்கார்ந்து எழுதினால் தையல் இழுக்கிறது. ஆனாலும் நேற்றைய வரவை நேற்றோடு விட முடியாது.

தாலி, மூக்குத்தி, வளையல் எல்லாம் கழற்றச் சொன்னார்கள். இவர் ஒரு கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடும் இடத்தில் நின்றார். சுயம்பு பணம் கட்டும் வரிசையில். என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து ஆபரேஷன் அறை வாசலில் விட்டிருந்தார்கள். ரேணுகா பையை வைத்துக்கொண்டு எட்டி, சுவரோரம் நின்றாள். விடிந்ததிலிருந்தே அப்படித்தான் தள்ளித் தள்ளி நின்றாள். தண்ணீரை மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஏன் அங்கயே நிக்குற?"

"ஒண்ணுமில்லத்தே."

"பயமா இருக்கா?"

தலையை ஆட்டினாள். உதட்டைக் கடித்தாள். பிறகு கிட்ட வராமலேயே மெதுவாகச் சொன்னாள். "காலைல ஆயிருச்சுத்தே. நீங்க சாமி கும்பிட்டு, திருநீறு பூசிட்டுப் படுத்திருக்கீங்க. இந்த நேரத்துல என்னால எதுவும் ஆகிறக் கூடாதுன்னுதான். மாமா வந்துருவாங்க. நான் இங்கயே நின்னுக்கிறேன்."

அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்காகப் பயப்படுவது ஒரு பக்கம் இருந்தது. இந்த மாதமும் இல்லை என்பது மறு பக்கம் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு, என் சட்டத்தையும் சுமந்துகொண்டு நின்றாள்.

"இங்க வா" என்றேன்.

"வேண்டாம் அத்தே."

"வாடீங்கேன்."

வந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் தயங்கினாள். நானே பிடித்துக்கொண்டேன். கை ஜில்லென்று, வேர்வையாக இருந்தது. விரலெல்லாம் பேனா மை. மூன்று வருடத்தில் இந்தக் கையை இந்த நாட்களில் நான் தொட்டதில்லை. அந்த நாட்களில் இந்தக் கை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கிறேன்.

"இதுக்காக அழாத" என்றேன். "அது வரும்போது வரும். வராட்டியும் நீ இருக்க."

நர்ஸ் வந்து, "கையை விடுங்கம்மா, உள்ள போகணும்" என்றாள். கொஞ்சம் பொறு என்றேன். வண்டி நகர்ந்தது. ரேணுகா பக்கத்திலேயே ஓட்டமும் நடையுமாக வந்தாள். கதவு வரைக்கும் நான் விடவில்லை.

எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட் வரப் பத்து நாளாகும். மேற்கொண்டு மருந்து தேவையா இல்லையா என்று அதைப் பார்த்துத்தான் சொல்வார்களாம். பத்து நாளை எப்படித் தள்ளுவது என்று தெரியவில்லை.

இன்று காலை 151. அரை டம்ளர் கஞ்சி குடித்தேன். ரேணுகா கட்டிலில் என் பின்னால் உட்கார்ந்து தலை சீவிவிடுகிறாள். சிக்கு எடுக்கும்போது இழுக்காதே என்று சொன்னால், ஆடாமல் எழுதுங்கள் என்கிறாள்.

அவளுக்கு இன்று இரண்டாம் நாள்.